எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி

ஜூன் 12, புதன்

பனித்துளி வெளியீட்டிலிருந்து புரூஃப் வந்துவிட்டது. கூரியர்காரர் மணியடித்தபோது நெத்திலி கழுவிக்கொண்டிருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கைநாற்றம் போகவில்லை. ஆவிக்குரிய தியானப் புத்தகத்தின் முதல் பக்கங்களில் இப்போது மீன் வாசம் அடிக்கிறது.

'நனைந்த கைக்குட்டைகள்' என்று தலைப்பு. பதிப்பாசிரியர் தேவவரம் வைத்தது. ஜலதோஷத்துக்கு மருந்து சொல்லும் புத்தகம் மாதிரி இருக்கிறதே என்றார் என் வீட்டுக்காரர். இவருக்கு எல்லாவற்றிலும் கிண்டல்தான். அட்டையில் 'எப்சிபா கிங்ஸ்லி' என்று என் பெயர் பெரிதாகவே இருக்கிறது. இவ்வளவு காலம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து, ஓய்வுபெற்ற பிறகு மாதப் பத்திரிகையில் துண்டு துண்டாகத் தியானக் கட்டுரை எழுதியவளுக்கு முதல் முழுப் புத்தகம். சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷப்படுவது பாவமில்லை.

ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு சிக்கல். 'எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி' என்றுதான் தொடங்கியிருந்தேன். எங்கள் சபைகளில் இந்த வார்த்தை ரொம்ப வசதி. ஆலயத்துக்கு வருகிற எல்லாப் பெண்களும் சகோதரிதான், மீன் விற்கிற அம்மாள் முதல் பிஷப் வீட்டம்மாள் வரை. யாரென்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் பியூலாவின் கதையை எழுதினேன்.

பியூலா எனக்கு ஒரே தங்கை. உபதேசியாராக இருந்த அப்பா எங்கள் இருவருக்கும் பைபிளின் ஒரே வசனத்திலிருந்து பெயர் எடுத்தார். அவளுக்கு ஜெனிட்டா பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்த சமயம், மாப்பிள்ளை துபாயில். தூக்கமில்லை, சாப்பாடில்லை, பேச்சில்லை. ஒரு மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயில் தண்டவாளம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். ஜெனிட்டாவுக்குக்கூடத் தெரியாது.

தேவவரம் அந்த முதல் வரியை 'என் சொந்தத் தங்கை' என்று மாற்றியிருக்கிறார். போனில் பேச்சுவாக்கில் அவரிடம் உளறியது என் தப்பு. நுணலும் தன் வாயால் கெடும். பென்சிலால் வட்டம் போட்டு, 'பழையபடி மாற்றவும்' என்று ஓரத்தில் எழுதிவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

காலையில் தேவவரம் போன் செய்தார்.

"சிஸ்டர், அந்த ஒன்பதாம் அத்தியாயந்தான் புத்தகத்துக்கே உயிரு. ஒரு சகோதரின்னு போட்டா யாரோ எவரோன்னு போயிருவாங்க. தங்கச்சின்னா ரத்தம்லா! இன்னொண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. அவங்க தண்டவாளத்துல நிக்குத நேரம் நீங்க என்ன செஞ்சிட்டிருந்தீங்க? ஜெபத்துல இருந்தீங்களா?"

"எப்பவும் ஜெபம் பண்ணுததுதான பிரதர்" என்றேன்.

"அதைத்தான் கேக்கேன். அதை ஒரு பத்தி எழுதிச் சேத்திருங்க."

எழுதினேன். அந்த மத்தியானத்தில் ஏதோ ஒன்று என்னை உணர்த்த, அடுப்பை அணைத்துவிட்டு முழங்காலில் நின்றேன் என்று. நன்றாகவே வந்திருக்கிறது. தினமும் ஜெபிக்கிறவள் அன்றைக்கு மட்டும் ஜெபிக்காமலா இருந்திருப்பேன்?

இவரிடம் ரப்பர் கேட்டேன். குறுக்கெழுத்துப் போடுகிற டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்றார். எழுத்துப்பிழை என்றேன். சாயங்காலம் புரூஃபைக் கூரியரில் அனுப்பியாகிவிட்டது. ராத்திரிக்கு உப்புமா.

ஜூலை 20, சனி

புத்தக வெளியீடு. அதே நாளில் ஜெனிட்டாவுக்கு நிச்சயதார்த்தம். தேதியை மாற்றச் சொல்லி இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்தேன். தேவவரத்திடம் ஒரு தடவை கேட்டேன், பியூலாவிடம் மூன்று தடவை கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா, நீ உன் விழாவப் பாரு. கல்யாணத்துக்கு முன்னால நின்னாப் போதும்" என்றுவிட்டாள். இவள் எப்போதும் இப்படித்தான், விட்டுக்கொடுத்தே நம்மைக் குற்றவாளி ஆக்குவாள்.

விழா நன்றாக நடந்தது. சால்வை போட்டார்கள். கேசரியில் சர்க்கரை கூடுதல்.

ஜூலை 23, செவ்வாய்

யார் யாருக்கெல்லாம் பிரதி கொடுத்தேன் என்று இவர் கேட்டார். எங்கள் சபைப் போதகர் ஐயருக்கு, பழைய தலைமையாசிரியைக்கு, பக்கத்து வீட்டுக்கு, பல் டாக்டருக்கு.

"உன் தங்கச்சிக்கு?"

பியூலாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, கல்யாண வேலை வேறு தலைக்கு மேல் கிடக்கிறது, இப்போது கொடுத்தாலும் படிக்கப்போவதில்லை என்றேன்.  இவர் கிண்டல்கூடச் செய்யவில்லை.

புத்தகத்தில் அந்த வரி 'என் சொந்தத் தங்கை' என்றுதான் வந்திருக்கிறது. இந்தப் பதிப்பகத்தாரே இப்படித்தான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கொடைக்கானல். விசுவாச எழுத்தாளர் முகாம், மூன்று நாள். பஸ்ஸில் வரும்போதே முதுகு போய்விட்டது. கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள், 'சகோதரி எப்சிபா கிங்ஸ்லி, எழுத்தாளர்' என்று. கண்ணாடி முன்னால் நின்று அதை ஒருமுறை நேராக்கிக்கொண்டேன். கட்டில் மட்டும் கழிவறைக்குப் பக்கத்தில்.

வந்திருக்கிற எல்லோரிடமும் பை நிறைய சொந்தப் புத்தகம். யாரும் யாரிடமும் வாங்குவதில்லை, மாற்றிக்கொள்கிறோம். என்னுடைய ஐந்து போய் வேறு ஐந்து வந்திருக்கிறது. அதில் மூன்றின் தலைப்பில் 'கண்ணீர்' இருக்கிறது.

மதியம் ஒரு இளம்பெண் வகுப்பெடுத்தாள். உங்கள் காயத்தைக் காட்டுங்கள், வாசகர் தன் காயத்தைக் காட்டுவார் என்றாள். கை தட்டினார்கள். என் காயம் என்ன என்று யோசித்தேன். மூட்டுவலியைத் தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை. என் புத்தகத்தில் இருக்கிற காயம் எல்லாம் வேறு ஆட்களுடையது.

சனிக்கிழமை நிறைவுக் கூட்டத்தில் ஒன்பதாம் அத்தியாயத்தை வாசித்து, கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல வேண்டுமாம். தேவவரம் ஏற்பாடு. உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன், மறைப்பானேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சாயங்காலக் காப்பி நேரத்தில் இவர் போன் செய்தார். குரலே சரியில்லை.

"எபி, சாந்தபுரத்துல இன்னைக்கு பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் நடந்திருக்கு. உன் புத்தகத்த வாசிச்சிருக்காங்க."

சாந்தபுரம் பியூலாவின் ஊர். நல்ல செய்திதானே என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணம் சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதவே கூசுகிறது.

"எந்த அத்தியாயம்?"

"எதுன்னு நினைக்க? 'நம்ம பியூலா சிஸ்டரோட கூடப்பிறந்த அக்கா எழுதினது, நம்ம சபைக்கே பெருமை'ன்னு சொல்லிட்டு, செயலாளரம்மா எழுந்து நின்னு முழுசா வாசிச்சிருக்காங்க. பியூலா முன்வரிசையில இருந்திருக்கா. ஜெனிட்டாவும் பக்கத்துல இருந்திருக்கா."

அந்த அம்மாள் மேல் ஒரு தப்பும் இல்லை. முதல் வரி வந்ததுமே நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் சபையார் முன்னால் எடுத்த சாட்சியைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் எங்களிடம் இல்லை. முடிகிற வரைக்கும் எல்லோரும் குனிந்து கேட்டிருக்கிறார்கள். முடிந்ததும் ஆமென் சொல்லியிருக்கிறார்கள்.

பியூலாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஜெனிட்டாவும் எடுக்கவில்லை.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? இருண்டுவிடும் என்றுதான் நான் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. யாருடனும் சாப்பிட உட்காரப் பிடிக்காமல் சளி என்று சொல்லிவிட்டேன். நாளை அந்த அத்தியாயத்தை வாசிக்க மாட்டேன். வேறு ஏதாவது வாசிப்பேன்.

ஆகஸ்ட் 10, சனி

வாசித்தேன்.

வேறு அத்தியாயத்தைத்தான் காகிதம் வைத்து அடையாளப்படுத்தியிருந்தேன். மேடை ஏறியதும் தேவவரம் ஒலிபெருக்கியில், "தன் சொந்தத் தங்கையின் மரண நிழலை ஜெபத்தால் விரட்டிய சகோதரி" என்றார். கூட்டம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவ்வளவு பேர் ஒன்றாக என்னைப் பார்த்து என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. கை தானாக ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தது. தானாக என்று எழுதுகிறேன். கைக்கு என்ன தெரியும்?

அடுப்பை அணைத்த பத்தி வந்தபோது என் குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது. அது பியூலாவை நினைத்தா, கூட்டத்தை நினைத்தா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முன்வரிசையில் அழுதார்கள்.

முடிந்ததும் தூத்துக்குடிப் பக்கத்து அம்மா ஒருவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி இப்ப எப்படி இருக்காங்க சிஸ்டர்?"

"கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கா" என்றேன்.

அவள் நேற்றிலிருந்து என் போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

சாந்தபுரம் போனேன். இவரும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை, நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி.

பியூலா முற்றத்தில் கல்யாணத்துக்கு மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "வாக்கா" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நேற்று ஆலயத்தில் ஜெனிட்டாவுக்கு முதல் ஓலை வாசித்தார்களாம். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரைச் சபையில் வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள்.

"தேவவரம்தான் அந்த வரிய மாத்திட்டாரு பியூலா. நான் வட்டம் போட்டிருந்தேன்" என்றேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

அவள் மிளகாயைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"நீ ஜெபம் பண்ணிட்டிருந்தேன்னு எழுதியிருக்கியேக்கா. உனக்கு அன்னைக்கு ஒண்ணுமே தெரியாதே. நான் அடுத்த வருஷம் கிறிஸ்மஸுக்குத்தான உங்கிட்ட சொன்னேன்."

வாழைப்பழப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அப்புறம், ஆலய மணிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன்னு போட்டிருக்க. மணியும் இல்ல ஒண்ணும் இல்ல. பாப்பா எந்தோள்ல கக்கிட்டா. தொடைக்கத் துணி இல்ல. துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வந்த இடத்துல பக்கத்து வீட்டக்கா என் முகத்தப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. டாக்டரம்மா மாத்திரை குடுத்து, வாரா வாரம் வரச் சொல்லிப் பேசி, அப்படித்தான் எந்திரிச்சேன். அந்த டாக்டரம்மாவ உன் புத்தகத்துல காணோமே?"

மாத்திரை சாட்சிக்குப் பொருந்தாது என்று நான் விட்டது இவளுக்கு எப்படிப் புரியும்? புரிந்துதான் கேட்டாள்.

"சம்பந்தகாரம்மாகிட்ட நானே நேத்துப் போயி சொல்லிட்டேன், ஊரு சொல்லுததுக்கு முந்தி. அவங்களுக்கும் மூத்த பையன் பிறந்தப்போ இப்படித்தானாம். என் கையப் பிடிச்சிட்டு அழுதாங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்ல." கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆனா யக்கா, அதை நான் ஜெனிக்காக வச்சிருந்தேன்."

"என்னது?"

"அவளும் ஒரு நாள் பிள்ள பெத்து, தூங்காம, யாரையும் பாக்கப் பிடிக்காம கெடப்பாள்லா? கெடக்காமலும் இருக்கலாம். கெடந்தா, அன்னைக்குப் பக்கத்துல போயி உக்காந்து, 'ஏட்டி, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, உன்னத் தூக்கிட்டு இங்க வரைக்கும் போனேன், பாரு, எந்திரிச்சிட்டேன்'னு சொல்லலாம்னு வச்சிருந்தேன். இத்தனை வருஷமா. எங்கிட்ட வேற என்ன இருக்கு அவளுக்குக் குடுக்க? அதை இப்ப மைக்ல கேட்டுட்டா."

ஜெனிட்டா உள்ளிருந்து காப்பி கொண்டுவந்தாள். வைத்துவிட்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு எனக்கு என்ன சட்டை போட்டிருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, மஞ்ச சட்டைன்னு. அது உண்மையா?"

அழகுக்காக எழுதியது. "ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

"நீங்க பாக்கவே இல்லையே பெரியம்மா" என்றாள்.

பஸ் ஏறும்வரை யாரும் கூட வரவில்லை. வாழைப்பழப் பை என் கையிலேயே திரும்பி வந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

இவர் ரப்பரைக் கேட்டார். அன்றைக்கு வாங்கியவள் திருப்பித் தரவேயில்லையாம்.

பென்சில் வட்டத்தை நான்தான் அழித்தேன். 'பழையபடி மாற்றவும்' என்று எழுதியதையும் அழித்தேன். தேவவரம் அதைப் பார்க்கவேயில்லை. தங்கை என்று இருந்தால் நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தேவவரம் போன் செய்தார். முகாமில் கொண்டுபோன பிரதி எல்லாம் தீர்ந்துவிட்டதாம், இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் ஏதாவது உண்டா என்றார்.

"ஒன்பதாம் அத்தியாயத்த எடுத்திருங்க பிரதர்."

"என்ன சிஸ்டர் சொல்லுதீங்க! அதுக்காகத்தான வாங்குதாங்க. வேணும்னா மறுபடியும் ஒரு சகோதரின்னு மாத்திருவோம்."

"இல்ல, முழுசா எடுத்திருங்க. நான் அன்னைக்கு ஜெபம் பண்ணல. அது பொய்."

 "சாட்சின்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும் சிஸ்டர்" என்றார், ஆறுதலாக. அந்த ஆறுதல்தான் அதிகமாகச் சுட்டது. கடைசியில் ஒத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக ஒரு சொந்த அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். ஒன்றும் இல்லை என்றேன்.

போனை வைத்ததும் மனசு லேசாயிற்று. ஞாயிறு மூன்றாம் ஓலை. நேரில் போய் பியூலாவிடம் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் சரியாகிவிடும். அவள் எத்தனையோ விட்டுக்கொடுத்தவள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சாந்தபுரம் ஆலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஐயர் மூன்றாவது ஓலை வாசித்தார். தடை யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்றபோது எழுந்து நிற்க வேண்டியவள் நான்தான் என்று தோன்றியது. யாரும் எழவில்லை. நல்லபடியாக முடிந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் பியூலா சம்பந்தகாரம்மாவுடன் நின்றிருந்தாள். பக்கத்தில் ஜெனிட்டா. நான் கிட்டப் போய், "பியூலா, அந்த அத்தியாயத்த எடுத்தாச்சு. இனிமே வராது" என்றேன். மெல்லத்தான் சொன்னேன்.

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். அந்தச் 'சரி'யில் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை.

சம்பந்தகாரம்மா சிரித்த முகமாக என்னைப் பார்த்தார். நிச்சயத்துக்கு நான் வராததால் என்னைத் தெரியாது. "இவங்க யாரு?" என்று கேட்டார்.

பியூலா தலையில் நழுவிய முந்தானையைச் சரிசெய்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு சிஸ்டர்" என்றாள். "பாளையங்கோட்டையில இருக்காங்க. புத்தகம் எல்லாம் எழுதுவாங்க."

நான் ஜெனிட்டாவைப் பார்த்தேன். அவள் திருத்தவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியா சிஸ்டர், ரொம்ப சந்தோஷம்" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரணும், என்ன?"

 பியூலாதான் எனக்குப் பதிலாகச் சொன்னாள், மரியாதையாக, யாரிடமும் பேசுகிற அதே குரலில்:

"வருவாங்க. எல்லாச் சகோதரிகளையும் பொதுவாக் கூப்பிட்டிருக்கோம்லா."

நான் "ஸ்தோத்திரம்" என்றேன்.